ஒரே ப்ளாக்கில் ஒரு சந்து

இன்று மதியம் பால்வாடியைப் பூட்டிவிட்டுக் கோட்டூர்புரம் பாலத்தின் மேல் நடந்து வந்தேன். பாலம் இறங்குகிற இடத்தில் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் பானையின் மூடியைத் திறந்து கூழைக் கலக்கிக்கொண்டிருந்தார். புளித்த கேழ்வரகின் வாசனை மூக்கில் ஏறியதும் என் கால் நின்றுவிட்டது. ஒரு சொம்பு வாங்கிக் குடித்தேன். தண்ணீராக ஓடியது. நொய் வேகவில்லை. மோர்மிளகாய் நமுத்துப்போயிருந்தது. நீயாக இருந்தால் அந்த மனிதரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு கரண்டியை நீயே வாங்கியிருப்பாய். நான் அதைக் குடித்துவிட்டு, சொம்பைக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ போன பிறகு வந்திருக்கும் இரண்டாவது ஆடி இது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. குழந்தைகளின் எடையும் உயரமும் எழுதுகிற கை. ஆனாலும் மேற்கு மாம்பலத்து இந்த ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்ததும், புடவைகூட மாற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீயும் நானும் ஒரே பெஞ்சில் எட்டாவது வரை படித்தவர்கள். அந்த வருஷம் உன் அம்மா படுத்துவிட்டார். அவர் வேலை செய்த வீடுகளை நீ எடுத்துக்கொண்டாய். காலையில் இரண்டு வீடு, மாலையில் ஒரு வீடு. நான் பன்னிரண்டாவது முடித்து, பயிற்சிக்குப் போய், நம் ஆற்றங்கரைச் சந்துக்கே பால்வாடி டீச்சராகத் திரும்பி வந்தேன். முதல் நாள் நீ வாசலில் வந்து நின்றுகொண்டு, "டீச்சரம்மா, நானும் வந்து குந்திக்கட்டா?" என்றாய். அதற்கப்புறம் கடைசிவரை உனக்கு நான் டீச்சரம்மாதான். பெயர் சொல்லி நீ கூப்பிட்டதே இல்லை.

சந்துக்கு ஒரு சங்கம் என்பது உன் யோசனை. மாலையில் பால்வாடி சும்மாதானே கிடக்கிறது, சாவியைக் கொடு என்றாய். மேலதிகாரிக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும் என்று பயந்தேன். பயந்துகொண்டே கொடுத்தேன். ஐந்து மணிக்குப் பாத்திரம் தேய்த்த கையோடு வந்து, சந்துப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுவந்து உட்கார வைப்பாய். நான் கணக்கும் தமிழும் சொல்லிக் கொடுப்பேன். நீ பின்னால் உட்கார்ந்து, தூங்குகிறவன் தலையில் தட்டுவாய். கல்லூரியில் படிக்கும் யாரோ ஒருவர் வந்து, இந்தச் சங்கத்தின் நோக்கம் என்ன என்று கேட்டார். எழுதிக்கொண்டு போக வந்திருந்தார். நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது நீ சொன்னாய்: "புள்ளைங்க படிக்கணும். அம்மனுக்குக் கூழு ஊத்தணும். ரெண்டுல ஒண்ணு நின்னாலும் சந்து நிக்காது."

அவர் முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார். நான் பார்த்தேன்.

நம் சந்தில் கூழ் ஊற்றுவது ஒருவர் செய்கிற காரியம் அல்லவே. கேழ்வரகு அரைத்து முதல் நாளே கரைத்து வைப்பது கன்னியம்மா அக்கா வீடு. அவருடைய மாமியார் காலத்திலிருந்து அந்த வீட்டுக்குத்தான் அந்த உரிமை. கருவாட்டுக் குழம்பு, மீன் விற்கிறவர் வீடு. வேப்பிலை ஒடிப்பது ஒரு வீடு, கரகத்துக்கு ஆற்றிலிருந்து தண்ணீர் மொள்ளுவது ஒரு வீடு. ஆறு நாறத் தொடங்கிய பிறகு குழாயில் பிடித்தார்கள். ஆனால் குடத்தை ஆற்றுப் பக்கம் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் பிடிப்பார்கள். பம்பை அடிப்பது மாரி. பகலில் பெயின்ட் அடிக்கிற மாரி, சாவு விழுந்தால் கானா பாடுகிற மாரி. அடுப்பில் நின்று துடுப்புப் போடுவது உன் வீடு. உன் அம்மாவுக்குப் பிறகு நீ. புகையில் கண் சிவந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நீ அந்தப் பெரிய அண்டாவைக் கிண்டும்போது யாரும் உன் பக்கத்தில் வந்து பேச முடியாது. ஒரு வீடு வராவிட்டால் கூழ் இல்லை. அதனாலேயே, வருஷமெல்லாம் பேசாமல் இருந்த வீடுகள்கூட ஆடி பிறந்ததும் பேசித்தான் ஆக வேண்டும்.

பிறகு ஆற்றில் தண்ணீர் ஏறிய அந்த வருஷம் வந்தது. விடியும்போது இடுப்பளவு. பாலத்தின் மேல் நின்று நம் கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் வடிந்த பிறகு உள்ளே போனோம். கன்னியம்மா அக்காவின் பேத்தி பத்தாவது மதிப்பெண் சான்றிதழைத் தேடினாள். பீரோவுக்கு அடியில், சேற்றில் ஒட்டிக்கிடந்தது. எடுத்தால் கையோடு பிய்ந்து வந்தது. அந்தப் பெண் அழவில்லை. கிடைத்த துண்டுகளைச் சுவரில் ஒட்டிக் காயவைத்தாள். நீ அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாய்.

அதுவரை, இடத்தைக் காலி செய்யச் சொல்லி யார் வந்தாலும் முதல் ஆளாகச் சண்டைக்குப் போனவள் நீதான். அடுத்த மாதம் அதிகாரிகள் வந்து, ஊருக்கு வெளியே அடுக்குமாடி வீடு தருகிறோம் என்றபோது நீ சண்டை போடவில்லை. வீட்டுக்குள்ளேயே குழாயும் கக்கூஸும் இருக்குமா என்று கேட்டாய். இருக்கும் என்றார்கள். பள்ளிக்கூடம் பக்கமா என்று கேட்டாய். வரும் என்றார்கள். கடைசியாக ஒன்று கேட்டாய். நம் சந்து மொத்தமும் ஒரே ப்ளாக்கில் இருக்க வேண்டும், பிரிக்கக் கூடாது.

அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. களைத்துப்போயிருந்தார். "பாக்கலாம்மா" என்றார்.

அந்த ஒரு சொல்லை நீ வாக்காக எடுத்துக்கொண்டாய். நானும்தான் கூட இருந்தேன். 'பார்க்கலாம்' என்றால் அலுவலகத்தில் என்ன பொருள் என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். சம்பள உயர்வு கேட்டு எத்தனை முறை அதே சொல்லை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். எழுதி வாங்கு என்று உன்னிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். உன் முகத்தில் அன்று இருந்த தெளிவைப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்ல மனம் வரவில்லை.

வீடு வீடாக ஏறி இறங்கினாய். வர மறுத்தவர்கள் பாதிப் பேர். இங்கே நடந்து போகிற தூரத்தில் வேலை, அங்கே போனால் சோற்றுக்கு என்ன வழி என்றார்கள். கன்னியம்மா அக்காதான் கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. நீ அவர் காலடியில் உட்கார்ந்து, அந்தச் சான்றிதழைப் பற்றிப் பேசினாய். இன்னொரு முறை தண்ணீர் வந்தால் சான்றிதழோடு போகாது, பேத்தியே போய்விடுவாள் என்றாய். அவர் வெற்றிலையை மென்று முடித்தார். பிறகு, "உன்னை நம்பி வரேன்மே. வேற யாரையும் நம்பி இல்ல" என்றார். அவர் சரி என்றதும் சந்தே சரி என்றது.

யாருக்கு எந்த வீடு என்கிற குலுக்கலை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். மேடையில் நீல வாளி, அதற்குள் மடித்த சீட்டுகள். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராகப் போய் எடுத்தோம். கன்னியம்மா அக்காவுக்கு ஒரு கோடியில் இருக்கும் ப்ளாக்கில் ஐந்தாவது மாடி. மாரிக்கு இன்னொரு கோடி. மீன் வீட்டுக்கு நடுவில் எங்கேயோ. உனக்கு முதல் மாடி, பக்கத்து வீட்டுக்காரர் யாரென்றே தெரியாத ப்ளாக். நான்காவது ஐந்தாவது சீட்டிலேயே உனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்று, எங்களுக்கு ஒரே ப்ளாக் என்று பேச்சு என்றாய். மேடையில் இருந்தவர் வேறு ஆள். பட்டியலைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "எல்லாருக்கும் ஒரே ரூல்மா. உக்காருங்க" என்றார்.

நீ உட்காரவில்லை. திரும்பி எங்களைப் பார்த்தாய். சந்து மொத்தமும் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த பெயர் கூப்பிட்டார்கள். அடுத்தவர் எழுந்து போனார்.

லாரிகள் வந்த அன்று, சாமான் ஏற்றி முடித்துவிட்டு நீ என்னிடம் வந்தாய். எங்கள் வீட்டுச் சீட்டு அம்மா பெயரில் விழுந்திருந்தது. அம்மாவும் தம்பி குடும்பமும் அங்கே போகிறார்கள், நான் வேலைக்காக இங்கேயே அறை பார்த்துக்கொள்கிறேன் என்பது உனக்கு முன்பே தெரியும். இருந்தும் கேட்டாய்: "நீ வரலியா டீச்சரம்மா?" மாற்றல் கேட்டிருக்கிறேன், வந்ததும் வந்துவிடுகிறேன் என்றேன். மாற்றல் கேட்கவே இல்லை. இன்றுவரை அந்த மனுவை நான் எழுதவில்லை. உனக்கு அது தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது.

அங்கே போன முதல் மாதமே பெண்கள் நான்கு மணிக்கு எழுந்து பஸ்ஸுக்கு நின்றார்கள். இரண்டு பஸ் மாறி அடையாறுக்கு வரும்போது வீட்டுக்காரர்கள் காபி குடித்து முடித்திருப்பார்கள். தாமதமாக வருகிறாய் என்று உன் மூன்று வீட்டில் இரண்டு வீடு நின்றுபோயின. பள்ளிக்கூடம் பாதி வருஷத்தில் மாறிய பிள்ளைகளில் பலர் புதுப் பள்ளிக்குப் போகவேயில்லை. நீ மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு பல்பு மாட்டி, வகுப்பை மறுபடி தொடங்கினாய். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து சொல்லிக் கொடு என்றாய். நான்கு ஞாயிறு வந்தேன். ஐந்தாவது ஞாயிறு காய்ச்சல். ஆறாவது ஞாயிறு காய்ச்சல் இல்லை. ஆனாலும் வரவில்லை. நீ போன் செய்து ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பேனோ என்னவோ.

அந்த இடைவெளியில் நீ ஒற்றை ஆளாக எத்தனை அலுவலகப் படி ஏறினாய் என்பதைப் பிறகுதான் அம்மா சொல்லிக் கேட்டேன். வீட்டை மாற்றிக்கொள்ள இரண்டு தரப்பும் சம்மதித்தால் போதும் என்று யாரோ சொல்ல, ஆள் பிடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறாய். மாற்ற விதியில் இடமில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மறுபடி போயிருக்கிறாய். அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தாராம். திரும்ப முதலிலிருந்து சொல்லியிருக்கிறாய்.

நீங்கள் அங்கே போன பிறகு வந்த முதல் ஆடிக்கு நான் வந்தேன். நம் அம்மனைப் படிக்கட்டுக்கு அடியில் வைத்திருந்தாய். அதே ப்ளாக்கில் இன்னும் இரண்டு படிக்கட்டுக்கு அடியில் இன்னும் இரண்டு அம்மன். கூவம் கரையிலிருந்து வந்தவர்கள் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள், தண்டவாளத்து ஓரத்திலிருந்து வந்தவர்கள் ஒன்று. நீ அவர்களிடமும் போனாய். மூன்று அம்மனுக்கும் சேர்த்து ஒரே அண்டாவில் ஊற்றுவோம், எல்லார் வீட்டுக்கும் ஒரு வேலை பிரித்துத் தருகிறேன் என்றாய். ஒருத்தி, "உங்க அம்மனுக்கு நாங்க இன்னாத்துக்கு வரணும்?" என்று கேட்டாள். அவளிடமும் குற்றம் இல்லை. அவளும் தன் சந்தைத் தொலைத்துவிட்டு வந்தவள்தானே. அவர்களுக்கு வெள்ளிக்கிழமை, நமக்கு ஞாயிற்றுக்கிழமை. அவர்களுக்குக் கருவாடு ஆகாது, நமக்குக் கருவாடு இல்லாமல் ஆகாது. மூன்று நாளில் மூன்று கூழ் நடந்தது. மூன்றிலும் ஆள் இல்லை.

கேழ்வரகு மாவைக் கடையில் வாங்கினாய். கன்னியம்மா அக்கா வரவில்லை. முட்டி வலி, லிஃப்ட் ஓடவில்லை, ஐந்து மாடி இறங்க முடியாது. அதனால் நாம் இருவரும் தூக்கில் கூழ் எடுத்துக்கொண்டு மேலே ஏறினோம். கதவைத் திறந்தார். தூக்கை வாங்கிக்கொண்டார். உள்ளே கூப்பிடவில்லை. மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டார். இறங்கும்போது மூன்றாவது மாடியில் நீ நின்றாய். சுவரைப் பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டாய்:

"நான் தப்பு பண்ணிட்டேனாடி?"

"நீ இன்னா பண்ணுவ?" என்றேன்.

ஆறுதலாகத்தான் சொன்னேன். ஆனால் அது நீ கேட்டதற்குப் பதில் இல்லை. தப்பு என்று சொல்லியிருந்தால் நீ அழுதாவது இருப்பாய். தப்பில்லை என்று சொல்லியிருந்தால் அன்று ஒரு வாய் சாப்பிட்டிருப்பாய். நீ தலையை ஆட்டிவிட்டு இறங்கினாய். அந்தக் கரையிலேயே இருந்திருந்தால் அடுத்த வெள்ளத்தில் யார் போயிருப்பார்களோ. இந்தப் பக்கம் பார்த்தால் இது, அந்தப் பக்கம் பார்த்தால் அது.

ஒரு காலை, பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே நீ விழுந்துவிட்டாய் என்று அம்மா போன் செய்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் இல்லையாம். நான் இரண்டு பஸ் மாறி வந்து சேர மதியம் ஆகிவிட்டது. சாமியானா போட்டு, கீழே ப்ளாக்குக்கு முன்னால் உன்னைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார்கள். கல்யாணமாகி வியாசர்பாடியில் இருந்த உன் மகள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். சந்தில் யார் இறந்தாலும் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாது. அங்கே இரண்டாவது மாடியிலிருந்து யாரோ சிக்கன் வறுக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு உன்னைத் தெரியாது.

மாரி பெங்களூரில் பெயின்ட் வேலையில் இருந்தான். அவன் பாடுவதாக இருந்தால் ஒரு பாட்டே போதும். யார் இறந்தாலும் அவர் பிறந்த குடிசையிலிருந்து தொடங்கி, எந்த வீட்டில் பத்துப் பாத்திரம் தேய்த்தார், யாரோடு சண்டை போட்டார், யாருக்குச் சோறு போட்டார் என்று ஒவ்வொன்றாகப் பாடி, கேட்கிறவர்களைச் சிரிக்கவும் வைத்து அழவும் வைப்பான். அவன் இல்லாததால் உன் மருமகன் எங்கிருந்தோ ஒரு கானா செட்டை அழைத்து வந்திருந்தார். மைக், ஸ்பீக்கர், மூன்று பேர். அவர்களில் ஒருவன் வந்து, "யக்கா, பேரு இன்னா? இன்னா தொழில்?" என்று உன் மகளிடம் கேட்டான். அவள் அழுகையில் பெயரை மட்டும் சொன்னாள்.

அவன் பாடினான். குரல் நல்ல குரல். ஏற்கெனவே கட்டிவைத்திருந்த பாட்டில் உன் பெயரைப் பொருத்தமான இடத்தில் வைத்தான். மயிலாப்பூர் மாட வீதியில் கூடை சுமந்து, பூ விற்றுப் பிள்ளையை வளர்த்த தாயே என்று பாடினான். நீ வாழ்க்கையில் ஒரு முழம் பூ விற்றதில்லை. நான் எழுந்து போய், அவள் பூக்காரி இல்லையப்பா, அவள் சங்கம் நடத்தியவள், ஒரு சந்தைக் கட்டிக் காப்பாற்றப் பார்த்தவள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்காக எழுந்தும் நின்றேன். அதற்குள் சுற்றி இருந்த பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். உன் மகளும் அந்தப் பூக்காரிக்காகத் தேம்பித் தேம்பி அழுதாள். அந்த அழுகையை நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

நம் கரையில் இப்போது நடைபாதை போட்டு வேலி கட்டியிருக்கிறார்கள். காலையில் ஷூ போட்டுக்கொண்டு நடக்க வருகிறார்கள். சுவரில் அழகாகப் படம் வரைந்திருக்கிறார்கள். தலையில் கரகத்தோடு ஒரு பெண், பக்கத்தில் பம்பைக்காரர். ஒருநாள் அந்தச் சுவரோரமாக நடக்கையில், ஓர் அம்மா தன் பேரனிடம் இதுதான் நம்முடைய கலாசாரம் என்று காட்டிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் நின்ற இடம் ஏறக்குறைய மாரியின் வாசல்.

பால்வாடியில் இப்போது ஏழெட்டுப் பிள்ளைகள். வாட்ச்மேன் வீட்டுப் பிள்ளைகள், கட்டட வேலைக்காரர்களின் பிள்ளைகள். பாதிப் பேருக்கு இந்திதான் வருகிறது. நான் 'அணில்' என்கிறேன், அவர்கள் சிரிக்கிறார்கள். கன்னியம்மா அக்காவின் பேத்தி பிசியோதெரபி படிக்கிறாள் என்று அம்மா சொன்னார். புது வீட்டில் இருந்து படித்தவள்தான். உனக்கு இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேனோ என்னவோ. சொல்லிவிட்டேன். ஆனால் அப்படிப் படித்தவர் என்று அவளைத் தவிர இன்னொரு பெயர் சொல்ல எனக்கு வரவில்லை.

பஸ்ஸில் நிற்கும்போது நான் ஒன்று செய்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு நம் சந்துக்குள் நடக்கிறேன். ஆற்றுப் பக்கத்திலிருந்து தொடங்கி வீடு வீடாக ஆட்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே வருவேன். ஆரம்பத்தில் கடைசி வீடுவரை தடங்கல் இல்லாமல் போக முடிந்தது. போன மாதம், தையல்காரர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் நின்றுவிட்டேன். பச்சைக் கதவு. நிலையில் காய்ந்த மாவிலை. உள்ளே ஒரு குழந்தை இருமுகிற சத்தம். அது யார் வீடு என்று நினைவுக்கு வரவில்லை. அம்மாவைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. மாரிக்குப் போன் போட்டேன், அங்கே காலி மனைதானே இருந்தது என்கிறான்.

இல்லை. அங்கே ஒரு குடும்பம் இருந்தது. நீ அந்தக் கதவைத் தட்டி, அவர்களையும் புது வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டாய். நான் உன் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒவ்வொரு நாளும் அந்தக் கதவுவரை போய் நிற்கிறேன். யார் திறந்தார்கள் என்று உனக்கு மட்டும்தான் தெரியும்.